மந்திக்கும் குழந்தைக்கும் ஒரே எழுத்து

என் தோழியின் குழந்தைக்கு இன்னும் தொப்புள்கொடி விழவில்லை என்ற செய்தி வந்த காலையில், நான் ஒரு கொரில்லாவின் மரபணுவைத் திரையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் தேவையான இடத்தில் ஒட்டி நிற்க உதவும் மரபணுக்கள் சில இருக்கின்றன. அவை மனிதனிடமும் மற்றக் குரங்கினங்களிடமும் எங்கே ஒன்றாக இருக்கின்றன, எங்கே மாறியிருக்கின்றன என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். சம்பளம் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில். நாற்காலி ஆரணியில் எங்கள் வீட்டு மாடியில். கணினியும் இணையமும் இருந்தால் நடக்கிற வேலை என்பதால், எப்போதாவது பெங்களூர் போய்வந்து மற்ற நாட்களை ஊரிலேயே கழித்தேன்.

அப்பா அரிசி ஆலையில் மேற்பார்வையாளர். பொண்ணு இன்னா பண்ணுது என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துக்கொள்வார். அம்மாதான் ஒரு கல்யாண வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தெருவுக்கு நான் குரங்குப் படிப்பு படித்தவள். வேடிக்கை என்னவென்றால், குரங்கை நான் திருமலைக்குப் போகிற வழியில் பார்த்ததோடு சரி. நோயாளியை அவ்வளவுகூடப் பார்த்ததில்லை. என்னிடம் வந்தவை எல்லாம் எங்கோ யாரோ சேகரித்து அனுப்பிய எழுத்து வரிசைகள்தான். இதனால் யாருக்கு என்ன பயன் என்று உறவினர்கள் கேட்டபோது, அறிவு வளரும் என்று சொல்லிவைத்தேன். சொன்ன எனக்கே அது திருப்தியாக இல்லை.

தோழி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவளுடைய தாய்மாமனையே அவளுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவளுடைய அம்மாவின் அப்பா. கீழே விசைத்தறிக் கொட்டகை, மேலே வீடு என்று பட்டுச்சேலை நெய்து விற்கிற குடும்பம். தாத்தாவே மாமனாரும் ஆனார். அவள் அதற்குப் பிறகும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டாள். நானும் அப்படியே.

"ஒரு மாசம் தாண்டிடுச்சுடி. எல்லாப் புள்ளைக்கும் பத்து நாள்ல உழுந்துடுது. இதுக்கு மட்டும் அப்படியே ஒட்டிகினு கீது" என்றாள் போனில்.

நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த மரபணுக்களில் ஒன்று கெட்டுப்போனால் வரும் நோய் ஒன்று உண்டு. மிக அரிது. அதைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் பத்தியில் இந்த ஒரு வரி இருக்கும்: குழந்தையின் தொப்புள்கொடி விழத் தாமதமாகும். கொடி காய்ந்து விழுவதற்கும் வெள்ளை அணுக்கள் வேலை செய்ய வேண்டும். ரத்தக் குழாயின் சுவரைப் பிடித்து நின்று, வெளியே இறங்கி, புண் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பிடிக்கத் தெரியாத அணுக்கள் ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டிருக்கும். புண் ஆறாது.

"காத்திருக்காத. நாளைக்கே பெரிய குழந்தை டாக்டர் யாரையாவது பாரு" என்றேன்.

சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். கொடி ஒருவழியாக விழுந்தது. ஆனால் தொப்புள் காயவில்லை. காய்ச்சல் வரும், மருந்து கொடுத்தால் அடங்கும், மறுபடி ஈரம் கசியும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைவிட வெகு அதிகம். பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்று தெரிந்ததும் மருத்துவர் மரபணுச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்துத் தோழி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். சோதனை முடிவு. ஒரு மரபணுவில் ஓரிடத்தில் எழுத்து மாறியிருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்த பிரதியிலும் மாற்றம், அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் அதே மாற்றம். இது கெடுதலா இல்லையா என்று உறுதியாகத் தெரியவில்லை என்று கீழே எழுதியிருந்தார்கள்.

"எலும்பு மஜ்ஜை மாத்த வேண்டி வரலாம்னு சொல்றாங்க. எல்லார் ரத்தமும் பொருந்துதான்னு பாக்கணுமாம்" என்றாள். குரல் உடையவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். "தாத்தா தறிக்கே எறங்கறதில்ல. சொந்தத்துல குடுத்ததாலதான் இப்படின்னு வர்றவங்க எல்லாம் சொல்லிகினு போறாங்க. அது அவர் காதுல உழுந்துடுச்சு. நீ இதத்தானே படிக்கிற? பாத்து சொல்லேன்டி."

மரபணுவின் பெயரைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒன்றாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஆனால் அதனோடுதான் வருடக்கணக்காக நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். "நான் டாக்டர் இல்ல. பாக்கறேன். பாத்தது என்னவோ அத மட்டும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

என் திரையில் அந்த மரபணு எப்போதும் வரிசை வரிசையாக நிற்கும். மேலே மனிதன். அடுத்து சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன். அதற்கும் கீழே வால் உள்ள குரங்குகள். கடைசியில் நம் தேவாங்கு. ஒரே இடத்தின் எழுத்துகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி அடுக்கியிருப்பேன். குழந்தையின் மாற்றம் இருந்த இடத்துக்கு நகர்த்தினேன். மனிதனிடம் இருந்த எழுத்தே சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் இருந்தது. இத்தனை லட்சம் வருடம் மாறாமல் காப்பாற்றப்பட்ட எழுத்து என்றால், அதை மாற்றுவது ஆபத்தாக இருக்கும்.

இன்னும் கீழே இறக்கினேன். நாட்டுக் குரங்கின் வரிசையில் வேறு எழுத்து. மந்தியின் வரிசையிலும் அதே வேறு எழுத்து. குழந்தையின் முடிவை மறுபடி பார்த்தேன். அதே எழுத்து.

ஒரு மந்தியில் மட்டும் அப்படி இருக்கலாம் என்று, வெவ்வேறு காடுகளிலிருந்து எடுத்த மந்திகளின் வரிசைகளை எல்லாம் திறந்தேன். ஒன்றுவிடாமல் அதே எழுத்து.

தோழி என் பின்னால் வந்து நின்றிருந்தாள். "இது யாருது?"

"மந்தி."

"கருப்பு மூஞ்சி, நீட்டு வாலு, அதுவா?"

"அதேதான். உன் புள்ளைக்கு இருக்கற எழுத்து ஒவ்வொரு மந்திக்கும் இருக்குது."

"அதுங்க நல்லாத்தானே கீதுங்க" என்றாள்.

ஆமாம், நன்றாகத்தான் இருக்கின்றன. கடித்துக்கொள்கின்றன, கிளையிலிருந்து விழுகின்றன, புண் ஆறி மறுபடி தாவுகின்றன. அந்த எழுத்தால் வெள்ளை அணுக்களின் பிடி விட்டுப்போகும் என்றால் மந்தி என்று ஓர் இனமே இருந்திருக்காது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. குரங்கிடம் நன்றாக வேலை செய்யும் எழுத்து மனிதனிடம் கெடுதல் செய்வதும் உண்டு. பக்கத்தில் இன்னோர் எழுத்து மாறி அதைச் சரிக்கட்டியிருந்தால் அப்படி ஆகும். அதைப் பார்க்காமல் ஒரு தாய்க்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"தொப்புள்ல இருந்து வர்றது என்ன? தண்ணி மாதிரியா, சீழா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். காய்ச்சல் வந்தா சீழு கொழகொழன்னு வருது. தொடச்சித் தொடச்சி பேஜாராயிடுச்சு."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். சீழ் என்பது வேறொன்றும் இல்லை, புண்ணுக்குப் போய்ச் சேர்ந்து செத்துப்போன வெள்ளை அணுக்கள்தான் அதில் பெரும்பகுதி. அந்த நோய் உள்ள குழந்தைகளுக்குச் சீழ் பிடிக்காது. அணுக்கள் அங்கே போனால்தானே பிடிப்பதற்கு. "நல்லா பாத்தியா, சீழுதானா?" என்று மறுபடி கேட்டேன். சீழைப் பற்றிக் கேட்டு ஒருத்தி முகம் மலர்ந்ததை என் தோழி அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

அடுத்த இரண்டு நாட்கள் வேறெதுவும் செய்யவில்லை. அந்த எழுத்தைச் சுற்றியுள்ள பகுதியை, அந்த மரபணு உண்டாக்கும் புரதம் மடிந்து நிற்கும்போது அதைத் தொடுகிற பகுதிகளை, அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஜோடிப் புரதத்தை, மனிதனுக்கும் மந்திக்கும் இடையே எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். சரிக்கட்டும்படியான மாற்றம் எங்கும் இல்லை. அந்த வட்டாரம் முழுக்க நாமும் மந்தியும் ஒன்றுதான், அந்த ஓர் எழுத்தைத் தவிர. பெங்களூரில் என் ஆய்வுத் தலைவி எல்லாவற்றையும் தனியாகச் சரிபார்த்துவிட்டு, "இதை அந்த மருத்துவரிடம் நீயே நேரில் கொண்டுபோய்ச் சொல்" என்றார்.

மறுநாள் காலையில் தோழியோடும் குழந்தையோடும் சென்னை போனேன். மருத்துவர் ஐம்பதை நெருங்கிய பெண்மணி. வெளியே கூட்டம் காத்திருந்தது. என்னைத் துரத்தாமல் உட்காரவைத்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திருப்பி வைத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "குரங்குக்கு ஒத்துக்கறது நமக்கும் ஒத்துக்கும்னு சொல்ல முடியாதே" என்றார்.

"முடியாதுங்க மேடம். அதனாலதான் சுத்தி இருக்கறதையும் பார்த்தேன்" என்று மற்றவற்றையும் காட்டினேன். சீழைப் பற்றியும் சொன்னேன்.

"சீழ் எனக்கும் உறுத்தலாத்தான் இருந்தது. அந்தப் புரதம் அளவுல குறையவும் இல்ல. ஆனா அளவு சரியா இருந்து வேலை மட்டும் செய்யாத வகையும் உண்டு. அதான் என்னால விட முடியல." பேனாவை மேசையில் தட்டியபடி யோசித்தார். பிறகு தோழியிடம் திரும்பி, "உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் பொதுவா யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க தாத்தாவும் பாட்டியும். பாட்டி இப்ப இல்ல. தாத்தா அவருக்கு அப்பா, எனக்கு அம்மாவோட அப்பா."

"தாத்தா இருக்காரா?"

"இருக்காருங்க. எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு."

மருத்துவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த எழுத்து இரண்டு வழியிலும் அவரிடமிருந்து வந்திருக்கலாம். அவரிடம் அது ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் ஒன்றும் நிரூபணம் ஆகாது; இரண்டு பிரதியும் கெட்டால்தான் அந்த நோய் வரும். குழந்தையைப் போல இரண்டிலும் இருந்துவிட்டால்? "அவர் ரத்தத்தையும் பார்த்துடலாம்" என்றார் மருத்துவர். "அதுவரைக்கும் மஜ்ஜை பேச்சை நிறுத்தி வைக்கறேன். தொப்புளுக்குக் கீழ ஒரு ஸ்கேனும் எடுக்கணும். வேற காரணம் இருந்தா அதையும் தேடணும் இல்லையா?"

தாத்தாவைச் சம்மதிக்கவைக்க நான்தான் போனேன். மாடி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊரில் அவரைக் கண்டால் வேகமாக வண்டி ஓட்டுகிறவர்கள்கூட மெதுவாகப் போவார்கள். அந்த மனிதர் தாடி மழிக்காமல் இருந்தார்.

"எதுக்கும்மா என் ரத்தம்? நான் செஞ்சி வெச்சதுதான் அந்தப் புள்ள தலையில விடிஞ்சிருக்குது" என்றார்.

"ரத்தத்துல ஓடற வெள்ள அணு ஓடற பஸ்ஸுல நிக்கற ஆளு மாதிரி தாத்தா. எறங்கணும்னா கம்பியப் புடிக்கணும். புள்ளைக்கு அந்தப் பிடி சரியில்லையோன்னு சந்தேகப்படறாங்க. எனக்கு என்னவோ பிடி நல்லாத்தான் இருக்குதுன்னு தோணுது. உங்க ரத்தத்தப் பாத்தா தெரிஞ்சிடும்."

"எனக்கு அடிபட்டா ஆறிகினுதான் வந்திருக்குது" என்றார் யோசனையோடு. வேட்டியைச் சற்று உயர்த்தி முழங்காலுக்குக் கீழே காட்டினார். நீளமான பழைய தழும்பு. இளைஞராக இருந்தபோது ஸ்கூட்டரில் போய் லாரியில் உரசியதாம். எலும்பு தெரிந்ததாம். "பதினஞ்சி நாள்ல எழுந்து நடந்துட்டேன்."

"இதையும் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

அவர் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "ஜல்தியா போயி குடுத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார்.

முடிவு வரும்வரை இருந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. குழந்தைக்கு மறுபடி காய்ச்சல் வந்தது, போயிற்று. நான் கொரில்லாவுக்குத் திரும்ப முயன்று தோற்றேன்.

ஒரு மதியம், சாப்பிட உட்காரப்போகும் நேரத்தில், மருத்துவர் கூப்பிட்டார். தோழியின் கைப்பேசி எடுக்கப்படவில்லை என்று எனக்குப் போட்டிருக்கிறார். "பெரியவருக்கு ரெண்டு பிரதியிலும் அதேதான்" என்றார். அவர் குரலிலும் ஒரு துள்ளல் இருந்தது. "நீங்க காட்டின மந்தியோட எழுத்து. எழுபத்தஞ்சு வருஷமா அதை வெச்சுக்கிட்டு நடமாடிட்டு இருக்கார். அணுக்களோட பிடியையும் லேப்ல சோதிச்சுட்டோம். குழந்தைக்கும் நல்லா இருக்கு, அவருக்கும் நல்லா இருக்கு. மஜ்ஜை எல்லாம் வேண்டாம்."

தட்டைப் போட்டுவிட்டுச் செருப்புகூட இல்லாமல் இரண்டு தெருவையும் ஓடிக் கடந்தேன். வெயிலில் கால் சுட்டது. தறிக்கொட்டகைக்குள் நுழைந்தால் எல்லாத் தறியும் ஓடுகின்றன. தோழி மூலையில் குழந்தையோடு நிற்கிறாள். தாத்தா அன்றைக்குத்தான் கீழே இறங்கி வந்திருந்தார். நான் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. தோழியின் கணவரிடம் கையை வீசிக் காட்டினேன். அவர் பயந்துபோய் மெயினை அணைத்தார். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின.

"தாத்தாவுக்கும் ரெண்டும் இருக்குது" என்றேன் மூச்சு வாங்க. "புள்ளைக்கு இருக்கற அதே எழுத்து. அதனால ஒண்ணும் ஆகாது. அந்த நோயே இல்ல. மஜ்ஜை மாத்த வேணாம்."

தோழி குழந்தையை இறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் மெயின் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தாத்தா மெதுவாக என்னிடம் வந்தார்.

"நான் குடுத்ததாலதானே அதுக்கு வந்திருக்குது?"

"நீங்க குடுத்ததுதான் தாத்தா. ஆனா அது கெட்டது இல்ல. உங்கள மாதிரியேதான் அதுவும் இருக்கப்போவுது. சொந்தத்துல கட்டினா ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். பல நோய் அப்படித்தான் வருது. ஆனா இந்தப் புள்ளைக்கு அதனால எதுவும் வரல."

அவர் தலையை ஆட்டினார். குழந்தையை வாங்கிக்கொண்டார். பிறகு கொட்டகையின் நடுவில் நின்று, வேலைக்கு வந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "யார் யார் இன்னா பேசினீங்களோ, வந்து இத்தப் பாத்துட்டுப் போங்க" என்றார். அங்கிருந்த யாரும் எதுவும் பேசியவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள்.

மருத்துவர் தேட வேண்டும் என்ற அந்த வேறு காரணமும் கிடைத்துவிட்டது. வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் தொப்புளுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே ஒரு குழாய் இருக்கும். பிறப்பதற்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் குழந்தைக்கு முழுதாக மூடவில்லை. குறிப்பாக அங்கே தேடியதால் ஸ்கேனில் தெரிந்தது. கொடி விழாததற்கும், ஈரத்திற்கும், திரும்பத் திரும்ப வந்த காய்ச்சலுக்கும், வெள்ளை அணுக்கள் பெருகியதற்கும் அந்தச் சின்னக் குழாய்தான் காரணம். அறுவை மருத்துவர் அதை எடுத்துவிட்டு வெளியே வந்தபோது, இப்படி லேசான வேலைக்கா இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்பதுபோல எங்களைப் பார்த்தார். தொப்புள் காய்ந்தது. தையல் போட்ட இடம் அழகாக ஆறியது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தாமாகவே இறங்கின.

மொட்டை அடித்துக் காது குத்தும்போது பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அம்மா எனக்குப் பக்கத்தில். எதிரில் இருந்த ஒரு பெரியம்மா, "உங்க பொண்ணு எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி இல்லீங்க. குரங்குங்களுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்னு பாக்கறா" என்றாள் அம்மா நிமிர்ந்து. அப்பா கையில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். அவர் பேச்சை மாற்றவில்லை. "நம்ம ஊர்ல வேற யாரும் அந்த வேல பாக்கறதில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

மருத்துவரும், சோதனை செய்த ஆய்வகமும், நாங்களும் சேர்ந்து அந்த எழுத்தைப் பற்றிய விவரங்களை எழுதி, உலகெங்கும் மருத்துவர்கள் தேடிப் பார்க்கிற பொதுத் தொகுப்பில் பதிந்தோம். உறுதியாகத் தெரியவில்லை என்று இருந்த இடத்தில் இப்போது கெடுதல் இல்லை என்று இருக்கிறது. குடும்பத்தின் பெயர் கிடையாது. மந்தியின் வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மழைக்காலத்தில் மருத்துவர் மறுபடி கூப்பிட்டார். வேறொரு மாவட்டத்திலிருந்து ஒரு குழந்தை வந்ததாம். ஏதோ காய்ச்சலுக்காக எடுத்த சோதனையில் இதே எழுத்து, இரண்டு பிரதியிலும். பெற்றோர் இணையத்தில் எதையெதையோ படித்துவிட்டு நடுங்கிப்போய் வந்திருக்கிறார்கள்.

"அவங்கள உட்காரவெச்சு, இது ஒண்ணும் இல்லன்னு அப்பவே சொல்லிட்டேன்" என்றார். "அஞ்சு நிமிஷம்கூட ஆகல. டீ குடிச்சுட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டாங்க."